தம்பி மைக்கில் சொன்ன உண்மை

தனக்கு ரத்தப் புற்று என்று தெரிந்த நாளில் என் தம்பி செய்த முதல் காரியம் வேலைக்குப் போனதுதான். காலையில் ஆய்வுக்கூடத்தில் தாளை வாங்கிப் படித்திருக்கிறான். பாதி புரிந்திருக்கிறது. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நெய்யாற்றின்கரையிலிருந்து பொழியூர் போகும் பஸ்ஸில் கண்டக்டராக ஏறிவிட்டான். இரண்டு தடவை போய்வந்த பிறகுதான் எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, எனக்க ரத்தத்துல வெள்ளை அணு கொறே கூடுதலாக்கும். டாக்டர் உடனே வரச் சொல்லுதாரு. நீ கெடந்து அழாத. கிளாஸ முடிச்சிட்டு வந்தாப் போதும்."

நான் கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அன்று எட்டாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் பாதி எழுதிய வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் பிள்ளைகள் அதை அவர்களாகவே முடித்து வைத்திருந்தார்கள் என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை பிறகு சொன்னார்.

எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இரண்டே பேர். அவர்கள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். நாற்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்த்துப் பார்த்துக் களைத்தது நாங்கள்தான். அடுத்த வீட்டில் இருந்தான், சாப்பாடு எங்கள் வீட்டில். என் கணவரோடு அரசியல் பேசிச் சண்டை போடுவான். கல்லூரிக்குப் போகும் என் மகளிடம் என்னைப் பற்றிக் கோள் மூட்டுவான். அவனுக்கு வாய் ஓயாது. பஸ்ஸில் ஏறுகிறவருக்குத் தமிழோ மலையாளமோ எது வசமோ, அதில் இரண்டு வார்த்தை பேசாமல் டிக்கெட் கொடுக்க மாட்டான்.

அந்த பஸ்ஸில் கிடைத்த சிநேகம்தான் பொழியூர் அண்ணன். எங்களுக்கு உறவில்லை, அவர்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். படகில் மீன்பிடிக்கப் போனவர். ஒரு மழைக்காலத்தில் கரையணையும்போது படகு கவிழ்ந்து முதுகில் அடிபட்டது. அதன் பிறகு ஒரு கால் பாதி மரத்துப்போய், கம்பு ஊன்றி நடந்தார். வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்காக நெய்யாற்றின்கரைக்கு வருவார். அவர் மெல்ல நடந்து வந்து, ஏறி, உட்காரும்வரை தம்பி பெல் அடிக்க மாட்டான். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியே தலையை நீட்டி அவர்களோடும் இரண்டு வார்த்தை பேசுவான்.

தம்பிக்குத் திருவனந்தபுரத்தில் கீமோ தொடங்கியது. மருந்து நோயைக் கொல்வதோடு நல்ல அணுக்களையும் கொன்றது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் தரையைத் தொட்டன. பல்லில் ரத்தம் கசிந்தது. "பிளேட்லெட் கொடுக்க ஆள் வேண்டும், ஒருவர் இருவர் போதாது" என்றார்கள். எனக்குத் தெரிந்த ஆசிரியர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குப் பிரஷர். நான் விழித்துக்கொண்டு நின்றபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து கடலில் காய்ந்த பதினோரு ஆண்கள் இறங்கினார்கள். கடைசியாகக் கம்போடு இறங்கியவர் பொழியூர் அண்ணன்.

"ஞாயிறு நாங்க கடலுக்குப் போறது இல்ல, டீச்சரே. கோயிலுக்குப் போயிட்டு நேரே வாறோம். நான் மருந்து தின்னுதவன், எனக்க ரத்தத்த எடுக்க மாட்டினும். அதுக்காக்கும் இவனுவளக் கூட்டிட்டு வந்தேன்."

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அந்த வேன் வந்தது. தம்பியின் உடம்பில் அந்த மாதங்களில் பாதிக் கடற்கரை ஓடியது என்று என் கணவர் சொல்வார்.

கீமோவில் நோய் அடங்கியது. ஆனால் அது திரும்பி வரும் ஜாதி என்றும், நிலையான வழி ஸ்டெம் செல் மாற்றுத்தான் என்றும் டாக்டர் சொன்னார். டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடல்வாகு கொண்ட அம்மா. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்றாலும் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லையாம். எனக்குச் சோதனை செய்தார்கள். பொருந்தியது. தம்பி குதித்தான். நானும் சிரித்தேன். அப்போது அந்த டாக்டர், "சகோதரி மட்டும் இருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் வெளியே இருங்க" என்று தம்பியையும் என் கணவரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மலையாளத்தில்தான் பேசினார். "கொடுக்கணும்னு உங்களை யாராவது வற்புறுத்துறாங்களா?"

"இல்ல."

"தம்பி அழுதாரா? கணவர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல டாக்டர். எனக்கு அவன் ஒருத்தன்தான்."

"அது எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கிறேன். உங்களுக்கு வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லலாம். நாங்க வெளியே 'உடம்பு ஒத்துவரல்ல'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். காரணம் உங்க தம்பிக்குக்கூடத் தெரியாது."

பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். மருந்து கொடுத்துத் தம்பியின் எலும்பு மஜ்ஜையை அடியோடு அழிப்பார்கள். அந்த வெறும் இடத்தில் என் ரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்கள் போய்க் குடியேறி, புது ரத்தத்தை உண்டாக்க வேண்டும். குடியேறாமல் போகலாம். குடியேறினாலும், அவன் உடம்பையே அந்நியம் என்று நினைத்து அதைத் தாக்கலாம். பிள்ளை பெற்ற சகோதரியின் செல்லுக்கு அந்தக் குணம் கொஞ்சம் அதிகம். இடையில் தொற்று வந்து உயிர் போகலாம். எல்லாம் நடந்த பிறகும் பழைய நோய் திரும்பலாம். எனக்கு என்ன வரும் என்பதையும் சொன்னார்: ஐந்து நாள் ஊசி, எலும்பு வலி, சில மணி நேரம் இயந்திரத்தோடு படுக்கை, அபூர்வமாகச் சில சிக்கல்கள். என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். பேனாவை நீட்டுவார் என்று நினைத்தேன். நீட்டவில்லை.

"இன்னைக்குக் கையெழுத்து வாங்க மாட்டேன். வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வேற ஒரு நாள் வாங்க."

திரும்பும் வழியில் காரில் தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"உள்ள வச்சு என்ன கேட்டாவ?"

"ஒன்னை எனக்குப் பிடிக்குமாண்ணு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னு சொன்னேன்."

அவன் அமரவிளை தாண்டும்வரை சிரித்தான். ஆனால் நான் உண்மையிலேயே யோசித்தேன். ஊசிக்குப் பயந்தேன். என் செல் அவனைத் தாக்கி, அதில் அவன் போய்விட்டால் அதை எப்படித் தாங்குவேன் என்று பயந்தேன். 'வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது' என்ற வார்த்தை இரண்டு நாள் என்னோடு சமையலறையில் நின்றது. அந்தக் கதவு உண்மையிலேயே திறந்துதான் இருக்கிறது என்று மனசுக்குப் பட்ட பிறகு, பயம் குறைந்தது. மூன்றாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

ஊசிகள் போட்ட ஐந்து நாளும் இடுப்பும் தொடையெலும்பும் பிரசவத்துக்கு முந்திய நாள்போலக் கழன்றன. பிறகு இரண்டு கையிலும் குழாய் மாட்டி, ஒரு கை வழியே ரத்தத்தை இயந்திரத்துக்குள் இழுத்து, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கை வழியே திருப்பி விட்டார்கள். உதடு மரத்தது. கால்சியம் கொடுத்தார்கள். முடிந்ததும் பையைக் காட்டச் சொன்னேன். சின்னப் பை. தக்காளி ரசத்தின் நிறம்.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தலைமுடி ஒன்றுமில்லாமல், தனி அறையில் இருந்தான். ரத்தம் ஏற்றுவதுபோலத்தான் அதையும் ஏற்றினார்கள். போனில் கேட்டான்: "இவ்வளவுதானா அக்கா? நான் வலிய விசேஷமா இருக்கும்னு நெனச்சேன்."

விசேஷம் பிறகு வந்தது. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. பேச்சு நின்றுவிட்டது. என் தம்பி பேசாமல் இருந்து நான் பார்த்தது வாழ்க்கையில் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்தான். போனில் எழுத்தாக அனுப்புவான்: 'தண்ணி.' 'எரியுது.' 'நீ சாப்பிட்டியா.' ஒரு நாள் ஒன்றுமே வரவில்லை. காய்ச்சல் ஏறி மயக்கத்தில் கிடந்தான். நானும் என் கணவரும் அந்தக் கண்ணாடிக்கு இப்பால் நின்றோம். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என் செல்கள் குடியேறிவிட்டன. அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன.

வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதம் அவன் உள்ளங்கையிலும் மார்பிலும் சிவப்புத் தடிப்பு கிளம்பியது. வயிறு போயிற்று. டாக்டர் சொல்லியிருந்த சண்டை இதுதான். என் செல் அவன் தோலையும் குடலையும் தாக்குகிறது. நான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டில் கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எக்கா, இஞ்ச வா" என்றான். "சின்னதுல நீ என்னைக் கிள்ளிக் கிள்ளியாக்கும் வளத்த. இப்ப உள்ள இருந்து கிள்ளுத. அவ்வளவுதான. பழகினதுதான."

ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பூசணிக்காயாக வீங்கியது. தடிப்பு அடங்கியது, அந்தச் சண்டையில் வற்றிப்போன கண்ணீர் சுரப்பு மட்டும் திரும்பவே இல்லை, இன்றும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். அதற்கிடையில் அவனுடைய ரத்த வகை மாறிவிட்டது. பி பாசிட்டிவாக இருந்தவன் என்னைப்போல ஓ பாசிட்டிவ் ஆனான். அதைக் கடைக்காரர், பால்காரர், சர்ச் பாதிரியார் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான்: "நான் இப்ப பாதி எனக்க அக்காவாக்கும்." ஒன்றரை வருடம் கழித்து பஸ் டிப்போவில் உட்கார்ந்தபடி பார்க்கும் வேலையில் சேர்ந்தான்.

ஊரில் அவன் ஓர் அதிசயம் ஆகிவிட்டான். அப்படித்தான் ஒரு தனியார் கிளினிக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். வேறு எங்கிருந்தோ வந்து நகரத்தில் புதிதாகத் திறந்தவர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச ஆலோசனை முகாம் நடத்தப்போவதாகவும், தம்பி வந்து தன் அனுபவத்தைப் பத்து நிமிடம் பேசினால் போதும் என்றும் சொன்னார்கள். மைக் கிடைத்தால் தம்பி விடுவானா? இஸ்திரி போட்ட சட்டையில் போனான். நானும் கூடப் போனேன்.

மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். முட்டுவலி, முதுகெலும்புக் காயம், சர்க்கரை, ஆட்டிசம், வழுக்கை என்று வரிசையாக எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல். பார்த்ததும் எனக்கு ஏதோ நெருடியது. வாசலில் வெள்ளைக் கோட்டோடு நின்றவரிடம் கேட்டேன்: "இதுக்கெல்லாம் ஒரே மருந்தா?"

"டீச்சர், உடம்புக்கு அடிப்படையே செல்தானே? எங்க பழுதோ அங்க அதுவே போய்ச் சேரும்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. மேலே ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி பேசினான். "சாவக் கண்டு திரும்பினவனாக்கும் நான். இன்னைக்கு உங்க முன்னால நிக்கேன்னா அதுக்குக் காரணம் ஸ்டெம் செல்லு" என்றான். என்னைக் கைகாட்டி, "அது எனக்க அக்கா தந்தது" என்றான். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். நோய் வந்த பிறகு அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை இடையில் புகுந்து கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான். அவனுக்குத் தெரியாமல் போயிற்று. எனக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது.

இரண்டாம் வரிசையில் பொழியூர் அண்ணன் இருந்தார். முகாம் முடிந்ததும் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எலே மக்கா, எனக்க முதுகுக்கு இது கேக்குமா?"

"போய்ப் பாருங்கண்ணே. என்னைப் பாக்குதீயல்லா?" என்றான் தம்பி.

போனார். அவருடைய வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்து ஏதோ பிரித்து, முதுகில் ஊசியாகப் போட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை. முதல் வாரம் காலில் உணர்வு வருவதுபோல இருக்கிறது என்று தம்பிக்குப் போன் செய்தார். இரண்டாம் வாரம் காய்ச்சல். கிளினிக்கைக் கூப்பிட்டுக் கேட்டால், "செல் வேலை செய்யத் தொடங்கியிருக்கு, அதோட அடையாளம்" என்றார்களாம். அவர் அதை நம்பி, வீட்டிலும் பாதியை மறைத்து, பாரசிட்டமால் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு காலையில் இரண்டு காலும் அசையவில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்புக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. அறுத்து எடுத்தார்கள். வாரக்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏறியது.

சேதி கேட்ட அன்று தம்பி சாப்பிடவில்லை. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் டாக்டரிடம் போனான். நடந்ததைச் சொன்னான். அவர் கோபப்படவில்லை.

"அப்போ நான் மைக்ல சொன்னது பொய்யா, டாக்டர்?"

"பொய் இல்ல. உங்க நோய்க்கு அது உண்மை. உங்களுக்குக் கொடுத்தது ரத்தம் உண்டாக்குற செல். அதுக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். பல வருஷமா, பலருக்குச் செய்து, எத்தனை பேர் பிழைக்கிறாங்க, எத்தனை பேர் சாகிறாங்கன்னு எண்ணிப் பார்த்த சிகிச்சை. அடிபட்ட நரம்புக்கு இன்னும் அப்படி ஒண்ணும் நிரூபணமாகல."

"இனி ஆகவே ஆகாதா?"

"ஆகலாம். நேர்மையா முயற்சி பண்றவங்க உலகம் முழுக்க இருக்காங்க. அவங்க 'இது ஆய்வு, பலிக்குமான்னு எங்களுக்கே தெரியாது'ன்னு முதல்லயே சொல்லுவாங்க. அனுமதி வாங்கிச் செய்வாங்க. நோயாளிகிட்ட காசு வாங்க மாட்டாங்க. தெரியாததைத் தெரியும்னு சொல்லி விக்கிறதுதான் தப்பு."

அந்த வாரம் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டின் நடையில் அண்ணனின் மனைவி எதிரே வந்தார். மீன் விற்கிறவர், தம்பியின் பஸ்ஸில் வருடக்கணக்காகப் போய்வந்தவர். நான் அவரை மயினி என்றுதான் கூப்பிடுவேன். அவர் தம்பியை நெருங்க விடவில்லை.

"நீ அங்கேயே நில்லு. அந்த மனுசன் கம்பு ஊனியாவது நடந்தாரு. கடப்புறத்துக்குப் போய் நாலு பேரப் பாத்துட்டு வருவாரு. அது போதும்னு நான் கெடந்தேன். நீ மைக்ல பேசின. இவரு கேட்டுட்டு வந்து ராவும் பகலும் அதையே சொல்லிட்டு இருந்தாரு. நீ ஒரு வார்த்தை 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருக்கப்படாதா?"

"மயினி, தப்பு எனக்கும் உண்டு" என்றேன். "உண்டு டீச்சரே. நீங்க படிச்சவிய" என்றார். வழியைவிட்டு ஒதுங்கினார்.

அண்ணன் மெலிந்து, கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். தம்பி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் கண்ணில் தண்ணீர் வராது என்பதால் அந்த அழுகையைப் பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எலே, நிப்பாட்டு" என்றார் அண்ணன். "நீ உள்ளதத்தான் சொன்ன. நான் எனக்கு வேண்டினத மட்டும் கேட்டேன். நீ சொன்ன வாய்ப்புண்ண நான் கேட்டனா? பிழைச்சத மட்டும்லா கேட்டேன்."

"நான் வாய்ப்புண்ணப் பத்தி மேடையில சொல்லவே இல்லண்ணே."

"சொல்லல்லியா?" அவர் யோசித்தார். "அப்போ கொஞ்சம் தப்பு உனக்கும் உண்டு."

தம்பிக்குச் சிரிப்பும் வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது.

அதன் பிறகு நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன்: எழுதினேன். நடந்ததை வரிசையாக எழுதி, அண்ணனின் சம்மதத்தோடு ஆஸ்பத்திரித் தாள்களின் நகலையும் சேர்த்து, மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு அனுப்பினேன். தம்பி பேசிய வீடியோவை கிளினிக்காரர்கள் போனில் ஊரெல்லாம் பரப்பியிருந்தார்கள். அதை நீக்கச் சொல்லித் தனியாக ஒரு கடிதம். பதில் வரவில்லை. இதற்கிடையில் அவர்கள் அம்பூரியில் அடுத்த முகாம் நடத்துவதாக டிப்போவில் ஒருவர் சொன்னார். தம்பி அன்று லீவு போட்டான். நானும் போனேன், இந்த முறை வாயை மூடிக்கொண்டு உட்காருவதில்லை என்ற முடிவோடு.

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன மண்டபம். முன்வரிசையில் முட்டு வீங்கிய ரப்பர் வெட்டுத் தொழிலாளர்கள் இருந்தார்கள். சந்தேகம் கேட்கலாம் என்று மைக்கைச் சபைக்குள் அனுப்பியபோது, தம்பி எழுந்து அதை வாங்கினான். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினான்.

"நான் பாறசாலைக்காரன். உங்க போன்ல வந்த வீடியோவில பேசுதது நானாக்கும். எனக்கு வந்தது ரத்தப் புற்று. எனக்குச் செய்தது இவங்க இல்ல. அதுலயும் நான் சாகுத வரைக்கும் போயிட்டு வந்தேன். முட்டுக்கும் முதுகுக்கும் இது கேக்கும்னு சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாம நான் சொன்னத நம்பிப் போன எனக்க அண்ணன் இப்ப ஆஸ்பத்திரியில கெடக்காரு."

மைக் அணைந்தது. யாரோ ஒயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். நிறைந்த பஸ்ஸில் முன்வாசலில் நின்றுகொண்டு பின்வாசல்காரரை அதட்டிப் பழகிய தொண்டை அவனுடையது. அவன் பாட்டுக்குத் தொடர்ந்தான். "ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க! இதுக்கு அனுமதித் தாள் உண்டாண்ணு கேளுங்க! ஆய்வுன்னு சொன்னா, எதுக்குக் காசு வாங்குதீங்கன்னு கேளுங்க!" நான் எழுந்து நின்று, "பதில் சொல்லுங்க" என்றேன். குரல் வகுப்பில் பேசுவதுபோலச் சத்தமாகத்தான் வந்தது.

பதிலுக்கு இரண்டு பேர் வந்து எங்களை வெளியே அழைத்துப் போனார்கள். எங்களோடு சிலர் எழுந்து வந்தார்கள். பலர் உள்ளேயே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வலி தாங்க முடியாதவர்கள்.

வெளியே வந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள். என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருக்கலாம். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, கழுத்து நிற்கவில்லை. என் முன்னால் வந்து நின்று கேட்டாள்:

"டீச்சரே, இது வேண்டாம்னு சொல்லுதீய. செரி. அப்போ எனக்க மோளுக்கு வேற என்ன உண்டு?"

"எங்களுக்குத் தெரியாது" என்றான் தம்பி. பிறகு, "தெரிஞ்ச ஒரு டாக்டரம்மா உண்டு. கூட்டிட்டுப் போவட்டுமா?" என்றான்.

கூட்டிப்போனோம். எங்கள் டாக்டர் குழந்தைகள் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அந்த மருத்துவர் அற்புதம் எதையும் சொல்லவில்லை. மூளையில் பட்ட சேதத்தை மாற்ற இன்று மருந்தில்லை என்று அந்தத் தாயிடம் நேராகவே சொன்னார். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு உடற்பயிற்சி, சரியான நாற்காலி, விழுங்கப் பழக்குவது என்று தினமும் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆறேழு மாதம் கழித்து அந்தத் தாய் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். பட்டைபோட்ட நாற்காலியில் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும்தான்.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு நாள் விசாரணைக்கு வந்தார்கள். தம்பி, நான், அண்ணன் மூவரும் வாக்குமூலம் கொடுத்தோம். கிளினிக்கின் போர்டு இறங்கியது. வீடியோவும் மெல்ல மறைந்தது. வேறு ஊரில் வேறு பெயரில் திறந்திருக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். உறுதியாகத் தெரியவில்லை. தெரிந்தால் மறுபடி எழுதுவேன்.

அண்ணன் நான்கு மாதம் கழித்து வீடு திரும்பினார். இப்போது கம்பு போதாது, வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். கடல் கரையை அரித்து அவர்கள் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டது. தள்ளிப்போய் அவர் பார்க்க வேண்டியதில்லை, வாசலில் உட்கார்ந்தாலே தெரிகிறது. தம்பி ஞாயிறுதோறும் போகிறான். முதலில் மயினி அவனோடு பேசவில்லை. அவன் வந்தால் மீன்கூடையைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்விடுவார். அவன் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அண்ணனின் காலைத் தூக்கி மடக்கி, எண்ணிக்கொண்டிருப்பான். அண்ணன் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார்.

போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். பயிற்சி முடிந்து கிளம்பும்போது மயினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டீச்சரே, சாப்பிட்டிட்டுப் போலாம். நெய்மீன் வச்சிருக்கேன்."

தம்பி படியிறங்கி வெளியே போய் நின்றான். தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்துவிட்டான்.

"அவன் எங்க போறான்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அவர் வாசலுக்கே வந்தார். "எலே, ஒனக்குத் தனியா பத்திரிக வைக்கணுமா? உள்ள வா. எரிவு கொறச்சுத்தான் வச்சிருக்கேன், ஒனக்க வயிறு தாங்கும்."

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். மூன்று தடவை சோறு வாங்கினான். நடுவில் குழம்பைப் பற்றி ஏதோ அபிப்பிராயம் சொல்லப்போக, அண்ணன் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்து, "பேசாமத் தின்னுலே" என்றார்.